ஆரஞ்சுப் பெட்டியும் காலி ஸ்டோரும்: குளுக்ககான் ஊசியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில், ஒரு தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால், ஐம்பது வயது இருக்கும் ஒருவரைப் பாயில் படுக்க வைத்திருந்தார்கள். உடம்பெல்லாம் வேர்த்து, பூசியிருந்த விபூதி சேறாகக் குழைந்திருந்தது. இன்சுலின் போடுகிறவர். இரத்தச் சீனி அளவு 2.1 மில்லிமோல், ஆபத்தான தாழ்வு. மனைவி கைப்பையிலேயே, இறங்கிய சீனியை ஏற்றும் குளுக்ககான் ஊசியின் ஆரஞ்சுப் பெட்டியை வைத்திருந்தார். எங்களோடு தொண்டுக்கு வந்திருந்த பயிற்சிப் பையன் மருந்தை அழகாகக் கலக்கி, அழகாகத் தொடையில் போட்டான். போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். "பயப்படாதீங்கக்கா, பத்து நிமிஷத்துல எந்திரிச்சிடுவாரு."

நான் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. "கடைசியா எப்பம்மா சாப்பிட்டாரு?" என்று கேட்டேன். "நேத்து காலையில ரெண்டு வாழைப்பழம். ஒரு மாசமா ஒரு வேளைதான். நேத்து முழுக்க ரதத்தோட நடந்தாரு."

அவ்வளவுதான் விஷயம். ஆம்புலன்ஸில் ஏற்றி, கையில் நரம்பு பிடித்து, டெக்ஸ்ட்ரோஸ் என்ற சீனிக் கரைசலை ஏற்றியதும் கண்ணைத் திறந்தார். முதல் கேள்வி, "பால்குடம் எங்க?"

பையனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி கடிகாரம் பார்த்து நின்றவன் நான். அவசரப் பிரிவில் மெடிக்கல் அசிஸ்டன்ட் வேலை. தோட்டத்தில் பிறந்த பெரியவர்கள் இன்னும் என்னை, தோட்டத்து ஆஸ்பத்திரி உதவியாளரைக் கூப்பிடுகிற மாதிரி, 'டிரெசர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நினைவில்லாதவர் வாயில் மைலோ ஊற்றாதீர்கள், இன்சுலினையும் இதையும் மாற்றிப் போடாதீர்கள் என்றெல்லாம் எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. கொஞ்சம் படித்தவர்களும் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மூன்று பெயர்களைக் குழப்புவது

குளுக்கோஸ் இரத்தத்தில் ஓடும் சீனி. கிளைக்கோஜன், அதையே கல்லீரலும் தசையும் கட்டி வைத்திருக்கும் இருப்பு. குளுக்ககான், கணையத்தின் ஆல்ஃபா செல்கள் விடுகிற ஹார்மோன். 29 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. ஆரம்பகால இன்சுலினைப் போட்டவுடன் சீனி இறங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் ஏறியது. அதற்குக் காரணமாக உள்ளே கலந்திருந்த இந்தப் பொருளுக்கு 1923-ல் கிம்பலும் மர்லினும் பெயர் வைத்தார்கள். சீனியை ஏற்றுகிறது என்பதால் அதுவே சீனி என்று நினைத்துக்கொள்வதில்தான் வம்பு தொடங்குகிறது.

உடம்பு இளைக்கப் போடும் ஊசி இதுதானே?

இல்லை. அது ஜி.எல்.பி.-1 என்ற வேறு ஹார்மோனைப் போன்ற வகை. இரண்டு ஹார்மோன்களும் ஒரே மரபணுவிலிருந்து வருகின்றன, வேலை நேர் எதிர்: அது சீனியை இறக்கும்.

காலி ஸ்டோருக்குச் சீட்டு அனுப்புவது

இதைப் பற்றித்தான் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். அஞ்சடியில், அதாவது கடை வரிசைக்கு முன்னால் உள்ள நடைபாதையில், விழுந்து கிடந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். காச்சாங் பூத்தே, அதாவது கடலை வகைகள் விற்கிறவர். சம்சுச் சாராய வாடை ஆளைத் தூக்கியது. விரலில் குத்திப் பார்த்தால் 1.7. கையிலும் காலிலும் நரம்பு தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. சரி, இருக்கவே இருக்கிறது குளுக்ககான் என்று 1 மில்லிகிராம் தொடையில் போட்டேன். பத்து முதல் பதினைந்து நிமிடத்தில் நினைவு திரும்பும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. நின்றேன். பதினைந்தாவது நிமிடம், "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபத்தைந்தாவது நிமிடத்தில் அவருக்கு வலிப்பு வந்தது.

வார்டு சிஸ்டர் ஓடி வந்தார். கழுத்து ஓரத்தில் நரம்பு பிடித்து டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினார். எல்லாம் அடங்கிய பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "கிராணி சீட்டு எழுதியாச்சு, சரி. ஸ்டோர்ல அரிசி இருக்கான்னு யாரு பாத்தா?"

அவரும் தோட்டத்துப் பிள்ளை; கிராணி என்றால் ஸ்டோருக்கு அரிசிச் சீட்டு எழுதும் தோட்டத்துக் கணக்கர். எனக்குச் சட்டென்று உறைத்தது. குளுக்ககான் அரிசி இல்லை, சீட்டு. கல்லீரல் செல்லின் மேல் இருக்கும் ஏற்பியில் அது போய் உட்காரும், உள்ளே செய்தி கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற பொருள் கூடும், அதைத் தொடர்ந்து நொதிகள் ஒவ்வொன்றாக முடுக்கப்பட்டு, கட்டி வைத்த கிளைக்கோஜன் உடைந்து குளுக்கோஸாக இரத்தத்துக்கு வரும். புதிதாகக் கட்டுவதையும் அது நிறுத்தி வைக்கும். நன்றாகச் சாப்பிட்டவர் கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம் இருப்பு இருக்கும். ஒரு இரவு பட்டினியில் அதில் கணிசமான பகுதி போய்விடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் ஸ்டோரைக் கூட்டிப் பெருக்கிவிட்ட மாதிரிதான். தசையில் இதைவிட மூன்று நான்கு மடங்கு இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் தசை அதைத் தன் தேவைக்கு மட்டும்தான் செலவழிக்கும், இரத்தத்துக்கு விடுவதற்கு வேண்டிய நொதி அதனிடம் கிடையாது. குளுக்ககானின் சீட்டும் அங்கே செல்லாது.

இருப்பு தீர்ந்தால் கல்லீரல் அமினோ அமிலம், லாக்டேட் போன்றவற்றிலிருந்து புதிதாகச் சீனி செய்யும். அதையும் குளுக்ககான்தான் தூண்டும். ஆனால் சாராயம் உடைபடும்போது அந்த வழி அடைபட்டுப் போகிறது. ஆக, சாப்பிடாமல் குடித்தவருக்கு ஸ்டோரும் காலி, அடுப்பும் அணைந்திருக்கிறது. நான் எதற்காக இருபத்தைந்து நிமிடம் நின்றேன்?

அந்த மனிதர் பிழைத்தார். சில மாதம் கழித்துக் கோயில் வாசலில் பார்த்தேன். இரண்டு வெள்ளிக்குக் கடலை வாங்கிப் பத்து வெள்ளித் தாளை நீட்டினேன். மீதியை எண்ணத் தெரியாமல் காசு டின்னையே என் பக்கம் நகர்த்தினார். அதில் என் இருபத்தைந்து நிமிடத்தின் பங்கு எவ்வளவு, நான் பார்ப்பதற்கு முன்பே அஞ்சடியில் கிடந்த நேரத்தின் பங்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது? நானே எட்டு வெள்ளியை எண்ணி எடுத்துக்கொண்டேன்.

இதனால் பட்டினி கிடந்தவருக்குக் குளுக்ககானே போடக் கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் நரம்பு பிடிக்க ஆள் இல்லையென்றால் கையில் இருப்பது அதுதான், போடுங்கள். போட்டுவிட்டு நிற்காதீர்கள், அதைத்தான் சொல்கிறேன். ஒருவர் ஊசியைக் கலக்கும்போதே இன்னொருவர் 999-ஐ அழைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் ஊசி போட்ட கையோடு நரம்பு தேடுவதைத் தொடர வேண்டும். 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 50 மில்லி என்றால் 25 கிராம் சீனி, யாருடைய ஸ்டோரையும் நம்பாமல் நேராக இரத்தத்தில் சேர்கிறது. அது கெட்டியான திரவம்; சின்ன நரம்பில் ஏற்றிக் கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விரதம், குடி, பல நாள் வாந்தி, எலும்பும் தோலுமாக இளைத்த உடம்பு, அட்ரினல் சுரப்பிக் குறை, இவற்றில் எது இருந்தாலும் குளுக்ககானை நம்பி உட்காராதீர்கள்.

இதே தவறுக்கு இன்னொரு முகம் உண்டு. வயதான பாட்டி, இன்சுலின் கிடையாது, இனிப்பு நீருக்கு மாத்திரை மட்டும்: கிளிபென்கிளமைடு. சிறுநீரகம் தளர்ந்துவிட்டதால் மாத்திரை உடம்பை விட்டு வெளியேறாமல் தங்கியிருக்கிறது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை. குளுக்ககான் போட்டார்கள், பாட்டி எழுந்து பேரனைத் திட்டினார். எல்லோருக்கும் சந்தோஷம், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி திரும்பவும் கொண்டுவந்தார்கள், முன்னைவிட மோசமாக. அந்த வகை மாத்திரை கணையத்தை அழுத்தி இன்சுலினைப் பிழிந்துகொண்டே இருக்கும். போதாததற்குக் குளுக்ககானும் கணையத்தைத் தூண்டி இன்சுலினை விடச் செய்யும். ஊசியின் வேலை கொஞ்ச நேரம், மாத்திரையின் வேலை ஒரு நாளுக்கும் மேல். இவர்களை வார்டில் வைத்துக் குறைந்தது 24 மணி நேரம் சீனி பார்க்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் ஓட வேண்டும், திரும்பத் திரும்ப இறங்கினால் இன்சுலின் சுரப்பைத் தடுக்கும் ஆக்ட்ரியோடைடு மருந்து பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ஆரஞ்சுப் பெட்டியைத் திறப்பதற்கு முன் இரண்டே கேள்வி: கடைசியாக எப்போது சாப்பிட்டார்? என்ன மருந்து எடுக்கிறார்? கேட்க ஐந்து விநாடி ஆகாது. யாரும் கேட்பதில்லை.

எழுந்துவிட்டார், அப்புறம் என்ன?

அப்புறம்தான் சாப்பாடு. ஸ்டோரில் இருந்ததை எடுத்துச் செலவழித்தாகிவிட்டது, திரும்ப நிரப்பவில்லையென்றால் மறுபடி விழுவார். விழுங்க முடிகிறது என்று தெரிந்ததும் முதலில் இனிப்புத் தண்ணீர், பிறகு சாதமோ ரொட்டியோ. இடையில் ஒரு தொல்லை: இந்த ஊசி குமட்டும், வாந்தி வரும். அதனால் போட்டவுடனேயே ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிடுங்கள். இரைப்பை, குடலின் அசைவையும் இது கொஞ்ச நேரம் நிறுத்தும். ஸ்கேன் பிரிவில் குடல் ஆடாமல் படம் எடுக்க இதைப் போடுவது அதற்காகத்தான். அங்கே போட்டுக்கொண்டவர்களும் படம் எடுத்து முடிந்ததும் ஏதாவது சாப்பிட வேண்டும்.

வெறும் தண்ணீரைப் போடுவது

சிரிக்காதீர்கள், நன்றாகப் படித்த அப்பாக்களே செய்கிறார்கள். பெட்டிக்குள் ஒரு சின்னக் குப்பியில் வெள்ளைத் தூள் இருக்கும், பக்கத்தில் தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சு. பதற்றத்தில் சிரிஞ்சை எடுத்துக் குழந்தையின் தொடையில் குத்திவிடுவார்கள். தூள் குப்பியிலேயே கிடக்கும். சரியான முறை: குப்பியின் மூடியைக் கழற்று, தண்ணீரை முழுவதும் உள்ளே செலுத்து, ஊசியை எடுக்காமலே குப்பியை மெல்லச் சுழற்று, தெளிந்ததும் திரும்ப உறிஞ்சு, காற்றை வெளியேற்று, போடு. குலுக்க வேண்டாம், நுரைக்கும். கூழ் மாதிரி இருந்தால் தூக்கிப் போடுங்கள். கலக்கியதை நாளைக்கென்று எடுத்தும் வைக்காதீர்கள்; கரைத்த குளுக்ககான் நிலைத்து நிற்காது, நார் நாராகத் திரிந்துவிடும். பெரியவர்களுக்கு முழு 1 மில்லிகிராம், 25 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாதி.

காலாவதியான பெட்டிகளை நான் எறிவதில்லை. ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழக வீட்டாரிடம் கொடுத்துவிடுவேன். மூக்கில் பீச்சும் 3 மில்லிகிராம் தூளுக்கு அமெரிக்காவில் 2019-ல் அனுமதி கிடைத்தது. கலக்குகிற வேலையே இல்லாததால் இந்தத் தவறுக்கு அதில் இடமில்லை.

இதயத்துக்கும் அதே 1 மில்லிகிராம் என்று நினைப்பது

இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவருக்கு நாடித்துடிப்பு முப்பது, நாற்பதுக்கு இறங்கிவிடும். அட்ரினலின் நுழைய வேண்டிய கதவை மாத்திரை அடைத்துவிடுகிறது. குளுக்ககானுக்கு இதயத் தசையில் தனிக் கதவு, உள்ளே போய் அதே சைக்ளிக் ஏ.எம்.பி.யைத்தான் கூட்டும். ஆனால் இங்கே அளவு 5 முதல் 10 மில்லிகிராம், நரம்பில் மெதுவாக. அதாவது ஒரேயடியாக ஐந்து முதல் பத்துப் பெட்டி. சில நிமிடங்களில் அதன் வேகம் தணிந்துவிடும் என்பதால் தொடர்ந்து சொட்டாக ஓட்டவும் வேண்டும். "எங்ககிட்ட ரெண்டு பெட்டி இருக்கு" என்று ஒரு புதுப் பையன் பெருமையாகச் சொன்னான். அடுத்த வார்டு, அதற்கடுத்த வார்டு, மருந்தகம் என்று ஓடிப் பொறுக்கினோம். வாந்தி கட்டாயம் வரும், உறிஞ்சு குழாயைப் பக்கத்தில் வையுங்கள். பொட்டாசியம் இறங்கும், பாருங்கள்.

தொண்டையில் ஆட்டெலும்பு

உணவுக்குழாயைத் தளர்த்திச் சிக்கியதை இறக்கும் என்று குளுக்ககான் போடுவார்கள். எலும்புக்கு இதனால் பயனில்லை. இறைச்சித் துண்டுக்கே பலன் சந்தேகம்தான். எண்டோஸ்கோப்பிக்கு அனுப்புங்கள்.

ஃபியோகுரோமோசைட்டோமா என்று சீட்டில் இருந்தால்

அது அட்ரினல் சுரப்பியில் வரும் கட்டி. போடாதீர்கள். இரத்த அழுத்தம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்.

பெட்டியை வைக்கிற இடம்

25 டிகிரிக்குள் என்று பெட்டியில் எழுதியிருக்கும். பினாங்கில் 25 டிகிரி எங்கே இருக்கிறது? மோட்டார் சைக்கிள் சீட்டுக்கடியிலும் காரின் டாஷ்போர்டிலும் நிச்சயம் இல்லை. குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். வெளியே எடுத்துப் போனால் வெயில் படாத பையில். வீட்டில் எல்லோருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது தேவைப்படும் ஆளால் எழுந்து போய் எடுக்க முடியாது. பட்டர்வொர்த் பக்கம் ஓர் அம்மா பெட்டியைப் பத்திரமாகப் பூஜை அறையில் வைத்திருந்தார். நல்ல நிழலான அறை, ஏர்கோனும் உண்டு. பூட்டிய கதவின் சாவி அவர் இடுப்பில் இருந்தது, அவர் மார்க்கெட்டில் இருந்தார்.