'லீவ்' படுத்தும் பாடு: கிளம்பும்போதும் லீவு கேட்கும்போதும் வரும் தவறுகள்

பழைய ஆங்கிலத்தில் 'லேஃபன்' என்று இருந்த வினைச்சொல்தான் இன்றைய 'லீவ்'. அதன் முதற்பொருள் மீதம் வைப்பது, பின்னால் விட்டுவைப்பது. கிளம்பிப் போவது என்ற பொருள் பிறகு வந்ததுதான். "ஐ லெஃப்ட் தி ஆபீஸ்" என்றால் ஆபீஸ் பின்னால் நின்றுவிட்டது. ஆகவே நடுவில் 'ஃப்ரம்' வேண்டாம். 'ஆபீஸிலிருந்து' என்று தமிழில் யோசிப்பதால்தான் அது ஒட்டிக்கொள்கிறது. வண்டி புறப்படும் இடத்தைச் சொல்லும்போது 'ஃப்ரம்' சரி: "தி ட்ரெயின் லீவ்ஸ் ஃப்ரம் பிளாட்ஃபார்ம் டூ."

போய்ச் சேரும் இடத்துக்கு 'டு' வராது, 'ஃபார்' வரும். "ஹி லெஃப்ட் லண்டன்" என்றால் லண்டனை விட்டுக் கிளம்பினார். "ஹி லெஃப்ட் ஃபார் லண்டன்" என்றால் லண்டனுக்குக் கிளம்பினார். 'ஃபார்' விட்டுப்போனால் திசையே மாறிவிடும்.

நம்மை அதிகம் சறுக்கவைப்பது 'விடு'. "என்னை ஸ்டேஷனில் விடு" என்பதை "லீவ் மி அட் தி ஸ்டேஷன்" என்று சொன்னால், அங்கேயே கைவிட்டுப் போகச் சொல்வதாகத் தொனிக்கும். "டிராப் மி அட் தி ஸ்டேஷன்" என்பதே பேச்சுவழக்கு. "கையை விடு" என்பதற்கு "லெட் கோ ஆஃப் மை ஹேண்ட்". "போக விடவில்லை" என்பதற்கு "டிடின்ட் லெட் மி கோ". இந்த இரண்டிலும் 'லீவ்' நுழையவே கூடாது.

ஆபீஸில் கேட்கும் 'லீவ்' வேறு வேரிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அது 'லேயாஃப்', அதாவது அனுமதி. ஒலி மட்டும் காலப்போக்கில் ஒன்றாகிவிட்டது. "டேக் லீவ் ஆஃப்" என்ற தொடருக்கு விடைபெறுதல் என்ற பொருள் வந்ததும் இந்த அனுமதியால்தான். நம் 'விடைபெறு'விலும் 'விடை' என்பது அனுமதியே. இரு மொழிகளும் ஒரே வழியில் யோசித்திருக்கின்றன.

அனுமதி பெற்று வராமல் இருப்பது 'லீவ்' என்பதால், எல்லோருக்கும் விடுமுறையான நாளை அப்படிச் சொல்லக் கூடாது. "டுடே இஸ் லீவ் ஃபார் ஸ்கூல்" தவறு, அது 'ஹாலிடே'. "லீவு போட்டேன்" என்பதை "ஐ புட் லீவ்" என்று ஆக்குவதும் தவறு. எடுத்துவிட்டால் "ஐ டுக் லீவ்", விண்ணப்பித்திருந்தால் "ஐ அப்ளைட் ஃபார் லீவ்". விடுப்பில் இருக்கும்போது "ஐ ஆம் ஆன் லீவ்". 'இன் லீவ்' கிடையாது. "டூ லீவ்ஸ்" இந்திய அலுவலகங்களில் புழங்கினாலும், வெளிநாட்டவருக்கு எழுதும்போது "டூ டேஸ் ஆஃப் லீவ்" என்றே எழுதுங்கள். 'லீவ்ஸ்' என்றால் அவர்களுக்கு முதலில் இலைகள்தான் நினைவுக்கு வரும்.

உச்சரிப்பிலும் கவனம் வேண்டும். 'லீவ்' நெடில், வசிப்பதைக் குறிக்கும் 'லிவ்' குறில். "வேர் டு யு லிவ்?" என்பதில் அந்த ஒலியை இழுத்துவிட்டால், குடியிருக்கும் இடத்தைக் கேட்கும் கேள்வி கிளம்புவதைப் பற்றியதாகக் காதில் விழும்.