ஹெவிவெயிட் வீரர் சோடை போய்விட்டாரா? நோட்டுப் போட்டுக் கணிக்கும் முறை

ஞாயிற்றுக்கிழமை காலை. சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகுகள் கரை திரும்பி, மீன் கூடைக்கு வந்து, டீக்கடையில் ஆட்கள் உட்காரும் நேரத்துக்குள் ஒரு குத்துச்சண்டை நாக்அவுட் காட்சி பாம்பன், மண்டபம், தொண்டி என்று போன் போனாகச் சுற்றிவிடும். விழுந்து கிடப்பவரை நேற்றுவரை “அடுத்த சாம்பியன்” என்றார்கள். இப்போது “அவன் அவ்வளவுதான்” என்கிறார்கள். முப்பது நொடிக் காட்சியை வைத்து இந்த முடிவுக்கு வர முடியாது. வருவதற்கு ஒரு முறை இருக்கிறது. 40 பக்க நோட்டு ஒன்றும், நான்கைந்து முழுச் சண்டைகளைப் பொறுமையாகப் பார்க்க நேரமும் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். தொடங்குவதற்குத் தோதான காலம் அதுதான்.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் 200 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 90.7 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் ஹெவிவெயிட். மேல் வரம்பு கிடையாது. பட்டப் போட்டி 12 ரவுண்டு. ரவுண்டுக்கு 3 நிமிடம், இடையில் 1 நிமிடம் ஓய்வு. இவ்வளவு தெரிந்தால் ஆரம்பித்துவிடலாம்.

படி 1: எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது?

முதல் பக்கத்தில் வீரரின் பெயர், பிறந்த ஆண்டு. அதன் கீழே, அவர் பெரிய ஆளாக வருவார் என்று எதை வைத்துச் சொன்னார்கள் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்.

ஒலிம்பிக் பதக்கம் என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். ஒலிம்பிக் சண்டை இப்போது மூன்றே ரவுண்டு, மொத்தம் 9 நிமிடம். பட்டப் போட்டி 36 நிமிடம் வரை போகும். ஆட்லி ஹாரிசன் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் சூப்பர் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர். உலகப் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. 1996 அட்லாண்டாவில் அதே தங்கம் வென்ற விளாடிமிர் கிளிட்ச்கோ பத்தாண்டுக்கு நெருக்கமாகப் பட்டத்தை விடாமல் வைத்திருந்தார். பதக்கம் திறமைக்குச் சாட்சி, அவ்வளவே. 36 நிமிடத் தெம்புக்கு அது சாட்சி சொல்லாது.

“மைக் டைசன் 20 வயதில் சாம்பியன் ஆனார், இவர் ஏன் ஆகவில்லை?” என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. 1986-இல் டைசன் செய்தது வரலாற்றில் வேறு எந்த ஹெவிவெயிட் வீரரும் செய்யாதது. அதை அளவுகோலாக வைத்தால் எல்லோரும் தோற்றவர்கள்தான். இந்த எடையில் வீரர்கள் தாமதமாகவே முதிர்வார்கள். ஜார்ஜ் ஃபோர்மன் 1994-இல் பட்டத்தைத் திரும்ப வென்றபோது வயது 45. முப்பது தாண்டாத ஒருவரின் கணக்கை மூடாதீர்கள்.

படி 2: சாதனைப் பட்டியலை வாசிப்பது

15-0 (14) என்று எழுதியிருந்தால் 15 வெற்றி, தோல்வி இல்லை, வெற்றிகளில் 14 நாக்அவுட் என்று பொருள். புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். யாரை வீழ்த்தினார் என்பது அந்த எண்ணில் இல்லை.

குத்துச்சண்டைப் பதிவுகளைத் தொகுக்கும் பாக்ஸ்ரெக் இணையதளத்தில் வீரரின் கடைசி எட்டு எதிராளிகளை எடுத்து, ஒவ்வொருவருக்கும் நான்கு கட்டம் போடுங்கள்: அன்றைய வயது, அதுவரை பெற்ற தோல்விகள், அதற்கு முந்தைய மூன்று சண்டைகளின் முடிவு, இந்தச் சண்டை ஓடிய ரவுண்டுகள். எட்டில் ஆறு பேர் ஏற்கனவே தொடர்ந்து தோற்றுவந்தவர்களாக இருந்தால், அந்தப் பட்டியல் ஆளை வளர்ப்பதற்காகக் கட்டப்பட்டது. அது குற்றமில்லை, எல்லா இளம் வீரர்களையும் அப்படித்தான் வளர்ப்பார்கள். ஆனால் வடகடல் குளம்போல் கிடந்த நாளில் ஓட்டிப் பார்த்த வள்ளத்தை நம்பி, கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடலில் இறக்க முடியாது. அந்த வள்ளம் மோசம் என்று இதற்குப் பொருளில்லை. இன்னும் சோதிக்கவில்லை என்றுதான் பொருள்.

கடைசிக் கட்டத்தைக் கவனமாகக் கூட்டுங்கள். முதல் இரண்டு ரவுண்டுக்குள்ளேயே ஆட்களை வீழ்த்தி வந்தவருக்கு எட்டாம் ரவுண்டில் மூச்சு எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியாது.

எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டி ரூயிஸ் 2019 ஜூனில் அப்போதைய சாம்பியன் ஆந்தணி ஜோஷுவாவை வீழ்த்தியபோது 268 பவுண்டு. டிசம்பரில் மறுசண்டைக்கு 283 பவுண்டில் வந்தார், புள்ளிகளில் தோற்றார். ஆறு மாதத்தில் சுமார் 7 கிலோ ஏறியிருந்தால் பயிற்சியில் என்ன நடந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

படி 3: சத்தத்தை அணைத்துவிட்டு முழுச் சண்டையைப் பாருங்கள்

வர்ணனையாளர் சொல்வது கண்ணை இழுத்துவிடும், அதனால் சத்தம் வேண்டாம். ரவுண்டு முடிந்ததும் நிறுத்தி மதிப்பெண் போடுங்கள்: வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9, ஒருமுறை விழுந்தால் வழக்கமாக 10-8. பிறகு இவற்றைப் பாருங்கள்.

ஜாப், அதாவது முன்னால் நிற்கும் கையால் போடும் நேர்க்குத்து. ஒரு ரவுண்டில் எத்தனை என்று எண்ணுங்கள். முதல் ரவுண்டில் இருபது போட்டவர் ஏழாம் ரவுண்டில் ஐந்து போட்டால் தெம்பு தீர்ந்துவிட்டது. குத்திய கை தாடைக்குத் திரும்புகிறதா, இடுப்புக்கு இறங்குகிறதா? இறங்கினால் அந்தப் பக்கத்து எதிர் ஹூக்கில் (எதிராளி வளைத்துப் போடும் குத்தில்) ஒருநாள் விழுவார். குத்து தவறிய பின் கால்கள் எங்கே நிற்கின்றன? ஒன்றன்மேல் ஒன்று பின்னினால் சமநிலை போய்விடும். வாய் எந்த ரவுண்டில் திறந்தது? ஆறுக்கு முன்பே என்றால் குறியுங்கள். பலமாக வாங்கிய பிறகு என்ன செய்கிறார்? கட்டிப்பிடித்து நேரம் கடத்தத் தெரிந்தவர் பிழைப்பார். வீம்புக்குத் திரும்ப மோதுகிறவர் விழுவார்.

ஒரே சண்டையில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. முதல் தடவை கை, மறு தடவை கால் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நேரலை பார்ப்பவர்களுக்கு: லண்டனில் இரவு 10 மணி என்றால் இங்கே கோடையில் அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. நியூயார்க்கில் இரவு 11 என்றால் நமக்கு மறுநாள் காலை 8.30 அல்லது 9.30. ரியாத் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே வேலைபார்க்கும் கீழக்கரை, தேவிபட்டினத்து உறவுகளைக் கேட்டால் சரியான நேரம் கிடைக்கும்.

படி 4: தோல்வியைப் பிரித்துப் பாருங்கள்

தோல்வி எப்படி வந்தது என்று எழுதாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள். ஒரு குத்தில் வந்ததா, காயத்தால் வந்ததா, ரவுண்டு ரவுண்டாகத் தேய்ந்து வந்ததா? ஒரு குத்தில் விழுவது இந்த எடையில் யாருக்கும் நேரும். லெனாக்ஸ் லூயிஸ் 1994-இல் ஆலிவர் மெக்காலிடமும், 2001-இல் ஹசிம் ரஹ்மானிடமும் அப்படி விழுந்தார். இருவரையும் மறுசண்டையில் வென்று, அந்த இரண்டு தோல்வியோடு மட்டுமே ஓய்வுபெற்றார்.

கவலைப்பட வேண்டியது, ஒரே குறையால் இரண்டாவது முறையும் தோற்பது. அதற்குப் பிறகு பயிற்சியாளரோ பாணியோ மாறியதா என்று பாருங்கள். கிளிட்ச்கோ 1998, 2003, 2004 என மூன்று முறை நிறுத்தப்பட்டவர், அதாவது சண்டை பாதியில் முடிக்கப்பட்டுத் தோற்றவர். மூன்றாவது தோல்வியோடு அவர் கதை முடிந்தது என்றே பேசினார்கள். பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டீவர்டு அவரை ஜாபால் தூரம் காக்கவும், ஆள் நெருங்கினால் கட்டிப்பிடித்து எடையைச் சாய்க்கவும் பழக்கினார். 2006 ஏப்ரலில் பட்டம் வென்றவர் 2015 நவம்பர்வரை அதை விடவில்லை.

படி 5: இரண்டு பேரை வைத்துப் பழகுங்கள்

டேவிட் பிரைஸ், டேனியல் டுபுவா. இருவரும் பிரிட்டன்காரர்கள். இருவரும் 15-0 என்று நின்றபோது முதல் தோல்வியைச் சந்தித்தவர்கள்.

பிரைஸ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் வெண்கலம். 2013 பிப்ரவரியில் 41 வயது டோனி தாம்சனிடம் இரண்டாம் ரவுண்டில் விழுந்தார். ஜூலையில் மறுசண்டை. இரண்டாம் ரவுண்டில் தாம்சனைக் கீழே தள்ளியும், முடிக்க முடியாமல் களைத்து ஐந்தாம் ரவுண்டில் நிறுத்தப்பட்டார். ஆளை முடிக்கப் போய்த் தெம்பைத் தீர்த்துவிட்டுப் பிறகு வாங்குவது பின்னாளிலும் தொடர்ந்தது. 25 வெற்றி, 7 தோல்வி, உலகப் பட்டம் இல்லை. எதிர்பார்த்த இடத்துக்கு வரவில்லை என்று தயங்காமல் எழுதலாம்.

டுபுவா 2020 நவம்பரில் ஜோ ஜாய்ஸிடம் பத்தாம் ரவுண்டில் முழங்காலிட்டுத் தோற்றார். “பயந்துவிட்டார்” என்றார்கள், இடது கண்குழி எலும்பு உடைந்திருந்தது. வயது அப்போது 23. 2023-இல் உக்ரைன் சாம்பியன் ஒலெக்சாண்டர் உசிக்கிடம் ஒன்பதாம் ரவுண்டில் தோல்வி. இதோடு நோட்டை மூடியவர்கள் தவறினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜாரெல் மில்லரைப் பத்தாம் ரவுண்டில் நிறுத்தினார். 2024 ஜூனில் அதுவரை தோற்காத ஃபிலிப் ஹர்கோவிச்சை எட்டாம் ரவுண்டில். செப்டம்பரில் வெம்பிளியில் ஜோஷுவாவை ஐந்தாம் ரவுண்டில். ரவுண்டு எண்களைக் கவனியுங்கள்: பின்பாதியில் தெம்பில்லை என்ற குறை மில்லர், ஹர்கோவிச் சண்டைகளில் தீர்ந்தது. 2025 ஜூலையில் உசிக் மறுபடி ஐந்தாம் ரவுண்டில் வீழ்த்தினார். அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த ஹெவிவெயிட்டிடம் இரண்டு முறை தோற்றதை வைத்து ஒருவரைச் சோடை என்று சொல்வது நியாயமில்லை. உசிக்குக்குக் கீழே என்று எழுதுங்கள்; அதுதான் சரியான இடம்.

டுபுவா பிறந்தது 1997. அவர் பக்கத்துக்குப் பின்னால் இரண்டு தாளைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த பெயரைத் தொடங்குங்கள்.