சபைக்கு வேன் எடுக்கிறீர்களா? சீட்டை எண்ணும் முன் பார்க்க வேண்டியவை

வேன் வாங்கலாம் என்று சபைக் கமிட்டியோ பங்குப் பேரவையோ கூடினால் முதலில் எழும் கேள்வி, ‘எத்தனை சீட்?’ தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்பது நல்லது. இங்கிருந்து சேலம் வழியாக வேளாங்கண்ணிக்குப் போனாலும், ஏற்காட்டுக்கு வாலிபர் கூடுகைக்குப் போனாலும், வண்டி பெரும்பாலும் தருமபுரி-சேலம் நெடுஞ்சாலையிலுள்ள தொப்பூர் கணவாயில்தான் இறங்க வேண்டும். ஆட்களும் மூட்டையும் நிறைந்த வண்டி அந்த இறக்கத்தில் டிரைவர் சொன்னபடி நிற்குமா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது.

படி 1: எதற்கு வண்டி என்று முடிவு செய்யுங்கள்

ஞாயிறு காலை சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து முதியவர்களையும் பிள்ளைகளையும் ஏற்றி வருவதுதான் முக்கிய வேலை என்றால் 13 முதல் 17 சீட் வரை போதும். ஃபோர்ஸ் ட்ராவலர், டாடா விங்கர் போன்றவை இந்த அளவில் கிடைக்கின்றன. ஊருக்குள் திருப்பவும் சிரமம் இருக்காது. ஆண்டுக்கு ஒருமுறை வேளாங்கண்ணி போவதற்காக மட்டும் 26 சீட் வண்டி வாங்காதீர்கள். அந்தப் பயணத்துக்கு மஞ்சள் போர்டு வண்டியை வாடகைக்கு எடுப்பதே சரி. அப்போதும் கீழே சொல்லும் சோதனைகள் எல்லாம் பொருந்தும்.

படி 2: எடைக் கணக்கு போடுங்கள்

ஆர்சியில் (பதிவுச் சான்றில்) இரண்டு எடை இருக்கும்: வெற்று வண்டியின் எடை, சுமையோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை.

உதாரணமாக, வெற்று எடை 2,600 கிலோ, மொத்த எடை 4,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏற்றக்கூடியது 1,500 கிலோ. டிரைவரோடு 18 பேர், தலைக்கு 68 கிலோ என்றால் 1,224 கிலோ. மீதி 276 கிலோ. இப்போது திருவிழாப் பயணத்துக்கு ஏற்றுங்கள்: 17 பைகள், பைக்கு 10 கிலோ வீதம் 170, 20 லிட்டர் தண்ணீர் கேன் நான்கு, 80, அரிசி 25, அண்டா, பாத்திரம் 40, நிறைந்த சமையல் சிலிண்டர் ஏறத்தாழ 30. மொத்தம் 345 கிலோ. ஒருவரைக்கூட நிற்க வைக்காமலே 69 கிலோ கூடிவிட்டது.

சிலிண்டரை எடையைப் பார்க்காமலே இறக்கிவிடுங்கள். மூடிய வேனுக்குள் ஆட்களோடு அது பயணம் செய்யவே கூடாது. போகும் இடத்தில் அடுப்பை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பழைய வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. பின்னால் சேர்த்த ஏசி, மேலே அடித்த கேரியர், இடைவழியில் மாட்டிய கூடுதல் சீட் எதுவும் ஆர்சியில் இருக்காது. டேங்கை நிரப்பி எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். மாங்கூழ் ஆலைகளும் கிரானைட் பட்டறைகளும் உள்ள கிருஷ்ணகிரி வட்டாரத்தில் எடை மேடை தேடி அலைய வேண்டியிருக்காது. எடை மேடைச் சீட்டில் வருவதே உங்கள் உண்மையான வெற்று எடை. அதை வைத்துக் கணக்கை மறுபடி போடுங்கள்.

படி 3: கூரைக் கேரியரைக் கழற்றுங்கள்

உயரமான, அகலம் குறைந்த வேனில் சுமை கூடக் கூட எடை மையம் மேலேயும் பின்னேயும் நகரும். திடீரென ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி கவிழும். அமெரிக்காவில் தேவாலயங்கள் அதிகம் பயன்படுத்திய 15 சீட் வேன்கள் குறித்து அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2001இல் எச்சரிக்கை விடுத்தது. வேறு வண்டி மோதாமல் தானே விபத்துக்குள்ளான வேன்களை ஆராய்ந்தபோது, பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தவை கவிழ்ந்த விகிதம், ஆள் குறைவாக இருந்தவற்றைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. வண்டியின் வடிவம் நாட்டுக்கு நாடு மாறலாம், எடை மையத்தின் குணம் மாறாது.

ஆகவே மூட்டை முடிச்சு மேலே ஏறக் கூடாது. கனமானவை தரையில், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே இருக்கட்டும். ஆள் குறைவாக இருந்தால் முன் சீட்டிலிருந்து நிரப்புங்கள். கடைசி வரிசை பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்கும் இடம். அங்கே கடைசியாக ஆள் உட்காரட்டும்.

படி 4: பிரேக்

இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். சபைக்குப் பழக்கமான மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், விற்பவர் கொண்டுவரும் மெக்கானிக் வேண்டாம்.

இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக் பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள். பெடல் கெட்டியாகும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டரிலோ அதன் வேக்குவம் குழாயிலோ கோளாறு. பிறகு ஒரு நிமிடம் அழுத்தியே பிடியுங்கள். மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டரிலோ வேறெங்கோ கசிவு. ஏர் பிரேக் உள்ள பெரிய வண்டிக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் காற்றழுத்த மீட்டர் நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிரேக் ஆயிலின் நிறத்தையும் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் செலவு குறைவு, வாங்கியதும் மாற்றிவிடுங்கள்.

ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில், சாவியைத் திருப்பியதும் அதன் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பையோ இணைப்பையோ பிடுங்கியிருக்கலாம்.

படி 5: டயரும் பட்டையும்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது. ஐந்து ஆண்டு தாண்டிய டயரை, பட்டன் நன்றாக இருந்தாலும், நெடுந்தூரத்துக்கு நம்ப வேண்டாம். வாரம் ஒருநாள் மட்டும் ஓடும் சபை வண்டியில் இது அடிக்கடி நடக்கும்: டயர் தேயாது, வெயிலில் நின்று நின்றே ரப்பரில் வெடிப்பு விழும். முன் சக்கரத்தில் ரீட்ரேட் டயர் (பழைய டயரில் மேல் ரப்பரை மட்டும் புதிதாக ஒட்டியது) கூடவே கூடாது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி தூக்குகிறதா என்று அங்கேயே பாருங்கள்.

வண்டியின் கீழே டார்ச் அடித்து லீஃப் ஸ்பிரிங்கின் மெயின் பட்டையில் விரிசல் தேடுங்கள். சமதரையில் நிற்கும்போதே வண்டி ஒருபக்கம் சாய்ந்தால் பட்டை தளர்ந்திருக்கிறது.

படி 6: உள்ளே

அவசர வழி உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்க வேண்டும். கடைசி சீட்டைப் போட்டு அதை அடைத்திருந்தால் அந்த சீட்டைக் கழற்றுங்கள். பக்கவாட்டில் உட்காரும் பெஞ்ச் வேண்டாம். தீயணைப்பானின் முள் பச்சையில் இருக்கட்டும். பாட்டு செட்டுக்கும் சீரியல் விளக்குக்கும் ஃபியூஸ் இல்லாமல் இழுத்த வயர்கள் தீப்பிடிக்கக் காரணமாகின்றன; பிரித்தெறியுங்கள்.

படி 7: காகிதம்

ஆர்சி, எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றை எம்பரிவாகன் செயலியில் வண்டி எண் போட்டுச் சரிபார்க்கலாம். போக்குவரத்து வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்சி, அதற்குமேல் ஆண்டுதோறும்.

வெள்ளை போர்டு வண்டியில் தலைக்கு இவ்வளவு என்று வேன் காசு வசூலிக்காதீர்கள். அது வாடகை ஓட்டமாகிவிடும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அதையே காரணமாகக் காட்டும். பாலிசியில் எத்தனை பயணிகளுக்குப் பாதுகாப்பு என்று வாசித்துப் பாருங்கள். ஓசூர் தாண்டி கர்நாடகம் போகும் வாடகை வண்டிக்கு அதற்குரிய பெர்மிட் இருக்க வேண்டும்.

படி 8: டிரைவர், பிறகு இறக்கச் சோதனை

‘தொப்பூரில் எப்படி இறக்குவீர்கள்?’ என்று டிரைவரைக் கேளுங்கள். ‘நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம்’ என்பவரை வேலைக்கு வைக்காதீர்கள், அவர் எத்தனை வருடம் ஓட்டியவராக இருந்தாலும். நியூட்ரலில் இன்ஜின் பிடி போய்விடும்; முழு எடையும் பிரேக்கின் மேல் விழும்; பிரேக் லைனிங் சூடேறிப் பிடிக்காமல் போகும். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைக்க வேண்டும். வேளாங்கண்ணி தூரத்துக்கு இரண்டு டிரைவர் வேண்டும். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் தூங்க வேண்டும்.

முதல் ஓட்டத்தை வெற்று வண்டியில், காலி மைதானத்தில் வையுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால் வண்டி நேராக நிற்க வேண்டும். அது தேறினால் மட்டும் சுமையோடு இறக்கச் சோதனை. இதற்கு ஆட்களை ஏற்ற வேண்டாம், கணக்கிட்ட எடைக்கு மணல் மூட்டை ஏற்றுங்கள். போக்குவரத்து குறைந்த பகல் நேரத்தில் தருமபுரியிலிருந்து தொப்பூர் நோக்கி, குறைந்த கியரில், இரட்டைப் பாலம் தாண்டும்வரை இறங்குங்கள். கீழே பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் புறங்கையைக் காட்டுங்கள். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான்கும் கருகிய வாடை வீசினால் வண்டிக்குச் சுமை அதிகம், அல்லது டிரைவர் பிரேக்கிலேயே இறக்கியிருக்கிறார். எது காரணம் என்று கண்டு, சரிசெய்து, மறுபடி ஒருமுறை இறக்கிப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.