பின்தொடர்வோர் பட்டியலும் மொய் நோட்டும்: முதல் ஏபிஐ நிரல்

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கும் அத்தை மகளுக்குப் புளூஸ்கை என்ற சமூக ஊடகம் பற்றி ஒரு கேள்வி: "புளூஸ்கையில் என்னைப் பின்தொடர்கிறவர்களில் யாரை நான் திரும்பப் பின்தொடராமல் விட்டிருக்கிறேன்?" விசேஷம் முடிந்ததும் மொய் நோட்டைப் புரட்டுகிற அதே கவலைதான். பைதான் அரிச்சுவடி தெரிந்தால் ஒரு மாலையில் இதற்கு நிரல் எழுதிவிடலாம்.

முதலில் உறவு எந்த வகை என்று பாருங்கள். நான் உங்களுக்குப் பங்காளி என்றால் நீங்களும் எனக்குப் பங்காளி. ஃபேஸ்புக் நட்பு இந்த ரகம். பின்தொடர்வதோ மொய் மாதிரி. வந்தது ஒரு கணக்கு, வைத்தது இன்னொரு கணக்கு. ஆகவே இரண்டு பட்டியல்கள் வேண்டும்.

படி 1. புளூஸ்கையின் பொது ஏபிஐ (நம் நிரல் கேட்கும் தகவலைத் தரும் வாசல்) இவற்றைக் கடவுச்சொல் கேட்காமலே தருகிறது. நம்மைத் தொடர்பவர்களுக்கு 'கெட்ஃபாலோயர்ஸ்', நாம் தொடர்பவர்களுக்கு 'கெட்ஃபாலோஸ்'. 'ஆக்டர்' என்ற இடத்தில் கணக்கின் பெயரையும், 'லிமிட்' என்ற இடத்தில் 100 என்றும் கொடுங்கள். லிமிட்டைச் சொல்லாமல் விட்டால் 50 பேர்தான் வருவார்கள், 100தான் உச்சவரம்பு.

படி 2. புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இது. பட்டியல் மீதமிருக்கும் வரை ஒவ்வொரு பதிலின் கூடவும் 'கர்சர்' என்றொரு சரம் வரும். நோட்டில் எந்தப் பக்கம் வரை படித்தோம் என்று வைக்கிற அடையாளம் அது. அடுத்த அழைப்பில் அதை அப்படியே திருப்பிக் கொடுத்தால் அடுத்த பக்கம் கிடைக்கும். நான் முதலில் எழுதிய நிரல், நூறுக்குக் குறைவாக வந்தால் பட்டியல் முடிந்தது என்று எண்ணிக்கொண்டது. முதல் பக்கத்திலேயே 97 பேர் வந்தார்கள், அதோடு நின்றுவிட்டது! 260 பேரில் மீதிப் பேர் காணாமல் போனார்கள். ஒரு பக்கத்தில் ஆள் குறைவது சகஜம். பதிலில் கர்சர் இல்லை என்றால் மட்டுமே நிறுத்துங்கள்.

படி 3. பெயரைச் சேமிக்காதீர்கள், 'டிஐடி' என்கிற கணக்கின் நிரந்தர அடையாள எண்ணைச் சேமியுங்கள். கணக்கின் பெயரை இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாக மாற்றலாம், டிஐடி மாறாது. இரண்டு பட்டியல்களையும் பைதானின் 'செட்'டாக மாற்றி, நம்மைத் தொடர்பவர்களிலிருந்து நாம் தொடர்பவர்களைக் கழித்தால் விடை கையில்.

"ஃபேஸ்புக்கில் இதையே செய்தால் நண்பர் பட்டியல் காலியாக வருகிறதே?" என்று பலர் கேட்பார்கள். உங்கள் நிரலில் பிழை இல்லை. 2015 ஏப்ரல் 30-க்குப் பிறகு, உங்கள் செயலியைத் தாங்களும் பயன்படுத்தி அனுமதி தந்த நண்பர்களை மட்டுமே அது காட்டுகிறது. மற்றவர்கள் வெறும் மொத்த எண்ணிக்கையில் அடங்கிவிடுவார்கள். ஒருவர் தலையாட்டினால் ஊரார் விவரமெல்லாம் அள்ளிப்போகலாம் என்றிருந்த பழைய முறையை விட இது எவ்வளவோ மேல்.

அத்தை மகளுக்கு 41 பேர் பாக்கி. மூன்றாவதாக நின்றவர் அவளுடைய சொந்த அண்ணன்.