முதல் 303 வாங்கப் போகிறவர்களுக்கு, டர்பனிலிருந்து

பட்டாளத்துப் பழைய போல்ட் ரைபிள் (ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற இரும்புத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளும் ரகம்) ஒன்று வேண்டும், எதை வாங்கலாம் என்று சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பையன்கள் கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது பிரிட்டிஷ் பட்டாளத்து லீ-என்ஃபீல்டு 303 (குழல் அளவு .303 அங்குலம்). தென்னாப்பிரிக்காவில் சுலபமாகக் கிடைப்பது அதுதான். இரண்டு உலகப் போரிலும் இந்த நாட்டுப் படை தூக்கியதும் அதைத்தான். பத்துத் தோட்டா பிடிக்கும் மேகசின், வேகமாக ஓடும் போல்ட், மான் வேட்டைக்கும் போதும். போயர் போரில் பிரிட்டிஷ்காரர்களை எதிர்த்துப் போயர்கள் தூக்கிய மாசர் ரைபிள் மேல் ஆசைப்படுகிறவர்கள் உண்டு, ஆசை நியாயமானதுதான், ஸ்பியோன் கோப் மலைச் சண்டையில் காந்தியின் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்த நம் ஆட்கள் சுமந்து இறக்கியது அந்த மாசர் குண்டு பட்டவர்களைத்தானே. ஆனால் சேகரிப்பவர்கள் அதன் விலையை எங்கோ ஏற்றிவிட்டார்கள், தவிர அந்தப் பழைய இரும்பில் இன்றைய அழுத்தம் அதிகமான 7 மி.மீ. தோட்டாவைப் போட்டு அடிப்பது புத்திசாலித்தனம் இல்லை. முதல் துப்பாக்கியாக அது வேண்டாம்.

கடைக்குப் போகும் முன்பே காகித வேலையை ஆரம்பியுங்கள். 21 வயது ஆகியிருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற இடத்தில் பயிற்சி எடுத்துத் தேறி, உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கி விவகாரம் பார்க்கும் அதிகாரியிடம் தகுதிச் சான்றிதழுக்கு மனுப் போட வேண்டும். அது கைக்கு வந்த பிறகு, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி லைசென்ஸ். எப்போதாவது வேட்டைக்கும் ரேஞ்சுக்கும் (சுட்டுப் பழகும் மைதானம்) போகிறவருக்கு 2000ஆம் வருஷத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு பொருந்தும்: லைசென்ஸ் 10 வருஷம் செல்லும், தோட்டா ஒரு துப்பாக்கிக்கு 200க்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எதற்கு வேண்டும் என்று எழுதும் கடிதத்தில் சுற்றி வளைக்காதீர்கள், எந்த ரேஞ்சில் சுடுவீர்கள், யாருடைய பண்ணையில் வேட்டைக்கு அனுமதி இருக்கிறது என்று நேராக எழுதுங்கள். வீட்டில் தென்னாப்பிரிக்கத் தர நிர்ணயத்தின் 953 எண் முத்திரை உள்ள இரும்புப் பெட்டி, சுவரிலோ தரையிலோ போல்ட் அடித்துப் பொருத்தியிருக்க வேண்டும், வந்து பார்ப்பார்கள். லைசென்ஸ் கையில் வரும்வரை துப்பாக்கி வியாபாரியிடமேதான் இருக்கும். மாசக்கணக்கில் ஆகலாம், அதனால் வைத்திருக்கும் கூலி எவ்வளவு என்று காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மாமா வைத்திருந்தது, பெரியப்பா வைத்திருந்தது என்று வீட்டிலேயே ஒன்று இருந்தாலும் இதே கதைதான், உங்கள் பெயரில் லைசென்ஸ் இல்லாமல் தொடக்கூட வேண்டாம்.

இப்போது துப்பாக்கியைப் பார்ப்போம். இறந்துபோனவர்களின் சொத்திலிருந்து கடைக்கு வரும் 303கள் நிறைய உண்டு, அவற்றில் பாதிக்கு யாரோ ஒருவர் வேட்டைக்கு லேசாக இருக்கட்டும் என்று முன்மரத்தை அறுத்து, குழலைக் குட்டையாக்கி வைத்திருப்பார். விலை குறைவுதான், சுடவும் சுடும், ஆனாலும் பட்டாளம் கொடுத்தபடியே முழு மரத்தோடு இருப்பதற்குக் கொஞ்சம் காத்திருங்கள் என்பேன். அறுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

மரம் பளபளப்பாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம், குழலைப் பாருங்கள். போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் சுழல் பள்ளங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும். கறுப்பாக இருந்தால் ஒரு தடவை சுத்தம் செய்து காட்டச் சொல்லுங்கள், சில சமயம் வெறும் பழைய கிரீஸ்தான். குழிக் குழியாக அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம் முனைச் சோதனை: மருந்து இல்லாத ஒரு டம்மி தோட்டாவின் குண்டைக் குழல் முனையில் செருகிப் பாருங்கள், பித்தளை வரைக்கும் உள்ளே போனால் முனை தேய்ந்துபோயிருக்கிறது, சொன்ன இடத்தில் சுடாது. போல்ட் கைப்பிடியின் பின்புறம் இருக்கும் எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறு வேறு என்றால் போல்ட் மாறியிருக்கிறது, ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் மூடியதும் அதன் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, அளக்காமல் அதைச் சுடக் கூடாது. துப்பாக்கி மிஸ்திரி கேஜ் வைத்து இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுவார், அந்தக் கூலியில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஆங்கில யூ எழுத்துக்குள் அம்புக்குறி போட்ட முத்திரை இருந்தால் அது அந்தக் காலத்து நம் தென்னாப்பிரிக்க யூனியன் அரசாங்கத்துச் சரக்கு, எனக்கு அதில் ஒரு தனிப் பிரியம்.

வாங்கி வந்ததும் முழுசாகப் பிரித்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். லீ-என்ஃபீல்டின் பழைய நம்பர் 1 ரகத்தில் முன்மரத்தைக் கழற்றாமல் பின்கட்டையை (தோளில் வைக்கும் மரம்) திருகினால் முன்மரம் பிளந்துவிடும். பிறகு வந்த நம்பர் 4 ரகம் ஆனாலும் முன்மரம் இறுக்கமாக உட்கார்ந்திருப்பதில்தான் குறியே இருக்கிறது, ஒழுங்காகச் சுடும் துப்பாக்கியில் மரத்தைக் கழற்ற அவசியமே இல்லை.

ரேஞ்சுக்கு முதல் நாள் போகும்போது காதுக்கும் கண்ணுக்கும் மறைப்பு கட்டாயம். சுடும் முன் குழலுக்குள் துணி, கிரீஸ் எதுவும் அடைத்திருக்கவில்லையே என்று இன்னொரு தடவை பாருங்கள். 303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு, மேகசினில் போடும்போது மேலே உள்ளதன் விளிம்பு கீழே உள்ளதற்கு முன்னால் இருக்க வேண்டும், மாறினால் மாட்டிக்கொண்டு நகராது. பின்கட்டையின் முனையில் உள்ள பட்டை பித்தளையாகவோ இரும்பாகவோ இருக்கும், தோளில் இறுக்கி அணைத்துப் பிடியுங்கள், தளர்த்திப் பிடித்தால்தான் இடிக்கும். ட்ரிகர் இரண்டு கட்டம்: முதல் இழுப்பு லேசாக வரும், அங்கே நின்று, குறி பார்த்து, பிறகு அழுத்துங்கள்.

50 மீட்டரில் பெரிய காகிதம் ஒட்டி ஆரம்பியுங்கள். ஐந்து குண்டு ஒரே இடத்தில் கூடி, ஆனால் குறிக்கு மேலே விழுந்தால் பதற வேண்டாம், நம்பர் 4இன் போர்க்காலப் பார்வைத் துளை 300 கெஜத்துக்கு வைத்தது, கிட்டத்தில் மேலே அடிப்பதுதான் அதன் இயல்பு. இடப்பக்கம் விழுந்தால் முன்குறியையும் (குழல் முனையில் உள்ள குறிமுள்) இடப்பக்கமே தள்ள வேண்டும், மேலே விழுந்தால் உயரமான முன்குறி மாற்ற வேண்டும். இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள், குழல் இலக்கையே பார்த்தபடி அரை நிமிஷமாவது இருக்கட்டும். பழைய தோட்டா தாமதமாக வெடிப்பது உண்டு.

மலிவாகக் கிடைக்கும் பழைய பட்டாளத் தோட்டாவில் இன்னொரு வம்பு இருக்கிறது. அந்தக் காலத்து ப்ரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வெடித்ததும் குழலுக்குள் ஒருவகை உப்பு தங்கிவிடும், மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். உள்நாட்டில் வறண்ட கரூ பிரதேசத்தில் இருப்பவர் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடலாமோ என்னவோ, நம் டர்பன் கடல்காற்றில் ஒரே ராத்திரியில் துரு பிடித்துவிடும். எண்ணெயோ துப்பாக்கி சுத்தம் செய்யும் சாதாரண சால்வென்டோ அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்ட அன்றே போல்ட்டைக் கழற்றி, புனல் வைத்து, பின்பக்கமிருந்து ஒரு கெட்டில் கொதிநீரைக் குழலுக்குள் ஊற்றுங்கள். மரத்துக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழல் சூடேறித் தானே காயும், அப்புறமும் காய்ந்த துணியை இழுத்து, கடைசியாக எண்ணெய். போல்ட் முகத்தையும் ஈரத்துணியால் துடைத்து எண்ணெய் தடவுங்கள். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை இழுத்துப் பாருங்கள், பழுப்பாக வந்தால் முதலிலிருந்து இன்னொரு தடவை.