பழைய பிரிட்டிஷ் பைக்: புதிதாக வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புல்லட் ஓட்டிப் பழகியவர்களுக்குக் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பிஎஸ்ஏ, ட்ரையம்ஃப், நார்ட்டன் என்று ஆசை வருகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் பட்ட அடியையே புதியவர்களும் ஒவ்வொருவராக வந்து படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. டயரைப் பார், துருவைப் பார், பேரம் பேசு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஒரே உதையில் மயங்குவது

விற்பவர் ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து காட்டுவார். அதற்கு முன் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஆள் மல்லுக்கட்டியிருக்கிறார். ஆற விட்டு உதைக்கச் சொல்லுங்கள். அதோடு விட்டுவிடவும் கூடாது. பேட்டரி இல்லாமலே ஸ்பார்க் தரும் லூகாஸ் மாக்னெட்டோவின் வியாதி சூட்டில்தான் வெளியே வரும். உள்ளே கண்டன்சரோ காயிலின் இன்சுலேஷனோ போயிருந்தால், காலையில் ஜோராகக் கிளம்பிய வண்டி அரை மணி நேரம் ஓடி டீக்கடையில் நின்றதும் மறுபடி எழுந்திருக்காது. நன்றாக ஓட்டி, அணைத்து, உடனே உதைத்துப் பார்த்த பிறகு அட்வான்ஸைப் பற்றிப் பேசுங்கள்.

ஆர்சியை மட்டும் படிப்பது

இரண்டாம் உலகப்போருக்காக பிஎஸ்ஏ எம்20 மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ராணுவம் கழித்த வண்டிகள் கைமாறிக் கைமாறி, ஒன்றின் இன்ஜின் இன்னொன்றின் ஃபிரேமில் உட்கார்ந்திருப்பது சகஜம். மண்ணெண்ணெய் தொட்டு இன்ஜின் நம்பர் இருக்கும் இடத்தைத் துடைத்து, டார்ச் அடித்து, விரலால் தடவிப் பாருங்கள். சுற்றியுள்ள வார்ப்பு சொரசொரப்பாகவும் நம்பர் இருக்கும் பட்டை மட்டும் பளபளவென்றும் இருந்தால் அங்கே கிரைண்டர் ஓடியிருக்கிறது. 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் விஏ வரிசை என்ற விண்டேஜ் பதிவு வந்தது. இன்ஜினையோ சேஸிஸையோ பெரிதாக மாற்றியிருந்தால் அதுவும் கிடைக்காது. கிடைத்தாலும் தினமும் ஆபீசுக்கு ஓட்டிப் போக முடியாது.

மில்லிமீட்டர் ஸ்பேனர்

இந்த வண்டிகளின் நட்டுகள் பல, விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவில் இருக்கும். கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் (கால் அங்குலம் என்பது போல்ட்டின் தடிமன்) வாய் சுமார் 13.3 மி.மீ. 13 ஏறாது, 14 நட்டை மழுக்கும். சரியான செட் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

ஆயில் பைப்பில் டேப் (திருகுக் குழாய்) போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

புல்லட்டில் ஆயில் கிராங்க் கேஸோடு சேர்ந்த அறையிலேயே இருக்கும். இந்த பிஎஸ்ஏ, நார்ட்டன், ட்ரையம்ஃப் வண்டிகளில் அது சீட்டுக்குக் கீழே தனி டாங்கில். பம்ப் அதை இன்ஜினுக்கு அனுப்பி, கீழே வடிந்ததைத் திரும்ப டாங்குக்கு ஏற்றும். வண்டி வாரக்கணக்கில் நின்றால் ஆயில் பம்பின் வழியே கசிந்து இன்ஜினின் அடியில் உள்ள சம்ப்பில் இறங்கிவிடும். டாங்கைத் திறந்து பார்த்தவர் காலி என்று நினைத்து ஒரு லிட்டர் ஊற்றுவார். ஸ்டார்ட் செய்ததும் தெருவே புகை. அப்புறம் திரும்பி வந்த ஆயில் டாங்க் வழிந்து பின்டயரில்.

இதற்கு யாராவது சொல்லும் வைத்தியம், டாங்குக்கும் பம்புக்கும் நடுவே ஒரு பித்தளை டேப். நிறுத்தும்போது மூடு, கிளம்பும்போது திற. திறக்க மறக்கிற நாள் ஒன்று வரும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

நண்பர் ஒருவர் தன் பிஎஸ்ஏ கோல்டன் ஃப்ளாஷில் அப்படிப் போட்டிருந்தார். ஞாபகத்துக்காக, டேப்பை மூடினால் ஹேண்டில்பாரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைப்பார். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிய பையன் துணியை அவிழ்த்துவிட்டு மாலையைப் போட்டான். மறுநாள் துணி இல்லை, ஆகவே டேப் திறந்திருக்கிறது என்று கிளம்பிவிட்டார். அந்த இன்ஜினில் கிராங்கைத் தாங்கும் ஒரு பக்க மெயின் பேரிங் வெறும் புஷ், அதாவது உருளும் குண்டுகள் இல்லாத உலோக வளையம். கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் பிக் எண்டுக்குப் போகிற ஆயிலும் அந்த புஷ் வழியாகத்தான் போக வேண்டும். சம்ப்பில் கிடந்த மிச்ச ஆயிலில் கொஞ்ச தூரம் சத்தமில்லாமல் ஓடியது. பிறகு கடகடவென்று ஒரு தட்டல். ஓரம் கட்டுவதற்குள் கனெக்டிங் ராடு உடைந்து கேஸைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

ஒரு பக்கக் கேஸ் மட்டும் வாங்கிப் பொருத்த முடியாது. இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துக் குடைந்த ஜோடி அது. இன்ஜின் நம்பர் அடித்திருப்பதும் அந்தக் கேஸில்தான். வேறு கேஸ் போட்டால் ஆர்சி ஒத்துப்போகாது. ஒரு டேப்பின் விலை இவ்வளவு.

டேப்பைத் திறக்காவிட்டால் ஸ்பார்க் வராதபடி சுவிட்ச் வைத்தவையும் விற்கிறார்கள். அந்த வயர் அறுந்தால்?

கசிவுக்குக் காரணம் பம்பின் தேய்ந்த பல்சக்கரம், அல்லது கிராங்குக்குப் போகும் வழியை அடைத்து நிற்கும் சிறு குண்டு சரியாக உட்காராதது. குண்டின் இருக்கையைச் சுத்தம் செய்து புதுக் குண்டும் ஸ்பிரிங்கும் போடுங்கள். பம்ப் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அப்படியும் மாதக்கணக்கில் நின்றால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். சம்ப் தட்டில் டிரெயின் போல்ட் இல்லையென்றால் ஒன்று போட்டுக்கொண்டு, கிளம்புமுன் வடித்து, டாங்கிலேயே திரும்ப ஊற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் டாங்க் மூடியைத் திறந்து, ரிட்டர்ன் பைப்பில் ஆயில் விட்டுவிட்டுக் கொட்டுகிறதா என்று பாருங்கள். அளவு பார்ப்பது ஓட்டி நிறுத்திய உடனே, காலையில் அல்ல.

பேட்டரியைப் பழக்கதோஷத்தில் மாட்டுவது

1950களின் தொடக்கத்திலிருந்து வந்த பலவற்றில் மைனஸ் அல்ல, பிளஸ்தான் பாடிக்கு.

அமால் கார்புரேட்டரை இறுக்குவது

இன்ஜினோடு பொருத்தும் ஃபிளாஞ்ச் வளைந்து காற்றை இழுக்கும், ஐட்லிங் நிற்காது. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது, இன்னும் வளையும்.

முதலில் குரோம், பிறகு இன்ஜின்

வேண்டாம்.