கூட்டுத் தலைமையா, பரவல் தலைமையா? பள்ளி நிர்வாகிகள் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று தலைமையாசிரியர்களிடம் எல்லோரும் சொல்கிறோம். எப்படிப் பகிர்வது என்று கேட்டால்தான் பேச்சு குழம்புகிறது. அதற்கு முதல் காரணம், கூட்டுத் தலைமை, பரவல் தலைமை என்ற இரண்டு முறைகளையும் ஒன்றாகவே நினைப்பது.

கூட்டுத் தலைமை ஒரு குழுவுக்குள் நடப்பது. தலைமையாசிரியரும் உதவித் தலைமையாசிரியரும் மூத்த ஆசிரியர்களும் ஒரே வேலைக்காக உட்கார்ந்து, விஷயம் தெரிந்தவர் பேச்சை மற்றவர்கள் கேட்டு நடப்பது. மேலாண்மை ஆய்வாளர்கள் கிரெய்க் பியர்ஸ், ஜே காங்கர் இருவரும் 2003-இல் விளக்கியது இதைத்தான். பரவல் தலைமைக்கு ஒரே மேசை தேவையில்லை. வழிநடத்துகிறவர், பின்தொடர்கிறவர், சூழல் மூன்றும் சேரும்போது உண்டாவதே தலைமை என்பது கல்வி ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்பிலேன் பார்வை. அந்தச் சூழலில் வருகைப் பதிவேடும் அடக்கம், பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் செயலியும் அடக்கம்.

அடுத்த தவறு, என்ன வேலை என்று பார்க்காமல் "எது சிறந்தது" என்று கேட்பது. 2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த கடலூரில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. ஆட்சியர் விடுமுறை அறிவித்துவிடுவார். அப்புறம் பள்ளிக்குள் நடப்பதுதான் சோதனை. காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் "ஸ்டோர் ரூம்ல தண்ணி ஏறுது" என்று ஒரு செய்தி வருகிறது. "உடனே பார்க்கணும் சார்" என்று வரிசையாகப் பதில்கள். யாரும் கிளம்புவதில்லை. மாற்றுச் சான்றிதழ்க் கட்டுகள் கீழ்த்தட்டிலேயே நனைகின்றன.

சாவி பள்ளிக்கு அருகில் வசிக்கும் இன்னாரிடம், மெயின் சுவிட்சை அணைப்பது இன்னார், சேர்க்கைப் பதிவேட்டை மாடிக்கு ஏற்றுவது இன்னார், இதற்கெல்லாம் யாரையும் கேட்கத் தேவையில்லை என்று பிரித்துவைத்திருந்தால் அது பரவல் முறை. ஆனால் அந்தப் பிரிப்பை மழைக்கு முன், செப்டம்பரிலேயே, எல்லோரும் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய முடியும்; அது கூட்டு முறை. ஒரே வேலைக்குள் இரண்டும் இருக்கின்றன.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது மூன்றாவது தவறு: வேலையைக் கொடுத்துவிட்டு முடிவெடுக்கும் உரிமையைக் கையிலேயே வைத்துக்கொள்வது. "டீச்சர், கழிப்பறைப் பராமரிப்பை நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லியாயிற்று. குழாய் உடைந்தால் பிளம்பரைக் கூப்பிட மூன்று முறை அனுமதி கேட்க வேண்டும். திட்டு மட்டும் அந்த ஆசிரியைக்கு. இதைப் பரவல் தலைமை என்று அறிக்கையில் எழுதுவது அநியாயம். அடுத்த முறை பொறுப்பு என்றாலே அவர் ஒதுங்கிக்கொள்வார், அது சரிதான். எவ்வளவு தொகை வரை கேட்காமல் செலவழிக்கலாம் என்பதையும் பொறுப்போடு சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, பகிர்ந்துவிட்டோம் என்பதற்காகத் தலைமையாசிரியர் பதில் சொல்லும் கடமை குறைந்துவிடாது. தணிக்கையில் அவரைத்தான் கேட்பார்கள்.

பதவியில் இருப்பவர்களை மட்டும் கணக்கில் எடுப்பதும் தவறு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அவர்களையும் சத்துணவு அமைப்பாளரையும் அலுவலக உதவியாளரையும் விட்டுவிட்டு ஒப்பிட்டால் பள்ளியின் பாதி நிர்வாகம் கண்ணில் படாது.

புதுச்சேரியில் இன்னொரு மயக்கமும் வரலாம். கோதாவரிக் கரையில் ஏனாம், மலபார்க் கரையில் மாஹே, தெற்கே காரைக்கால் என்று நிர்வாகம் சிதறிக் கிடப்பதாலேயே தலைமையும் பரவிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு கோப்பும் கையெழுத்துக்குத் தலைநகர் வந்தே தீர வேண்டும் என்றால், பரவியிருப்பது கட்டடங்கள்தான்.

ஸ்பிலேன் பரவல் தலைமையை முதலில் ஒரு பார்க்கும் முறையாகவே முன்வைத்தார். அதனால் புதிய குழுக்கள் அமைக்கும் முன், ஜூன் மாதச் சேர்க்கை போல ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். போன முறை எந்தக் கட்டத்தில் யார் முடிவெடுத்தார், யாரைக் கேட்டு எடுத்தார், எங்கே வேலை நின்றது என்று ஆசிரியர்களோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். வேலை நின்ற இடத்திலிருந்து மாற்றத்தைத் தொடங்கலாம்.